முகைதீன் இஞ்சினியரின் இருபத்தெட்டு நாள் லீவு

மீராமுகைதீன் தேத்தண்ணிக் கடை வாங்குப் பலகையில் உட்கார்ந்ததும் அதில் இருந்த மற்ற ஐந்து பேரும் எழுந்தார்கள்.

ஒரேயடியாக எழுந்திருந்தால் ஏதோ அவசரம் என்று நினைத்திருக்கலாம். அப்படியில்லை. ஒவ்வொருவராக ஸலாம் சொல்லி, பாதி குடித்த கோப்பையை வைத்துவிட்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார்கள். கடைசியாகப் போனவர் மட்டும் நின்று, "உம்மா தனிய இரிக்கா தம்பி. வீட்ட போங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடைக்கார ஹமீட் மிஞ்சினான். பள்ளிக்கூடத்தில் எட்டு வருடம் முகைதீனுக்குப் பக்கத்தில் இருந்து, எட்டு வருடமும் அவருடைய கணக்கைப் பார்த்து எழுதியவன். அவனும் தேத்தண்ணியை மேசையில் வைத்த கையோடு உள்ளே போய், கழுவி அடுக்கியிருந்த கோப்பைகளை மறுபடியும் கழுவத் தொடங்கினான்.

முகைதீன் சொந்த ஊரான சாய்ந்தமருதுக்கு வந்து அன்றைக்கு நாலாம் நாள். வாப்பா காலிதீன் வட்டவிதானையார் மௌத்தாகிப் பத்தாம் நாள். தந்தி இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே அடக்கம் முடிந்திருந்தது. வயலுக்கு வாய்க்கால் தண்ணீரை முறை வைத்துப் பிரித்துக் கொடுத்த மனிதர் வாப்பா. முப்பது வருடம் அவர் திற என்றால் மதகு திறந்தது, பூட்டு என்றால் பூட்டியது. அப்பேர்ப்பட்டவரின் ஒரே மகன் வந்திருக்கிறான் என்றால் ஊர் ஆண்கள் வந்து கையைப் பிடித்து இரண்டு வார்த்தை சொல்ல வேண்டாமா? ஒருவரும் வீட்டு வளவுக்குள் வரவில்லை. பள்ளிவாசலில் கண்டால் ஸலாம், ஒரு துஆ, அதோடு சரி.

முன்னர் அவர் ஊருக்கு வந்த இரண்டு தடவையும் இப்படி இல்லை. எழுபத்தொன்பதில் வந்தபோதும் எண்பத்துமூன்றில் வந்தபோதும் வாசல் படலையைச் சாத்தவே முடியவில்லை. பேசாத ரேடியோக்களைக் கொண்டுவந்தார்கள். பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறுகளைக் கொண்டுவந்தார்கள். பாலமுனையிலிருந்து ஒருவர் தோணி மோட்டரை மாட்டுவண்டியில் ஏற்றிவந்து முற்றத்தில் இறக்கினார். லண்டன் இஞ்சினியர் கை வைத்தால் போதும் என்றார். முகைதீன் கை வைத்தார். அந்த மோட்டர் அதன்பிறகு எப்போதும் ஓடவில்லை. ஆனாலும் சனம் குறையவில்லை.

இந்த முறை என்ன நடந்தது? அவருடைய தொழிலில் அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. இயந்திரம் ஒன்று வழக்கமில்லாத சத்தம் போட்டால், கடைசியாக எது மாறியது என்று பார்ப்பார். ஹமீட் வாய்ப்பன் பலகாரம் சுற்றிக் கொடுத்த பத்திரிகைத் துண்டை விரித்தபோது விடை கிடைத்தது. எண்ணெய் ஊறிய எழுத்தில் ரஷ்யாவில் அணு உலை வெடித்த செய்தி. அதற்குக் கீழே ஐரோப்பியப் பால்மாவில் கதிர்வீச்சு இருக்கலாம் என்ற சந்தேகம்.

முகைதீன் வடக்கு இங்கிலாந்தில், கடலோரத்து அணுமின் நிலையம் ஒன்றில் சிரேஷ்ட இயந்திரப் பொறியியலாளர். உலையின் சூட்டை வெளியே எடுத்துவரும் பம்புகளும் பெருவிசிறிகளும் அவர் பொறுப்பு. விசிறியின் அச்சு நோயாளியாகப் போகிறது என்பதை அது முனகுகிற விதத்தைக் கேட்டே மூன்று கிழமைக்கு முன்னால் சொல்லிவிடுவார். அங்கே மூத்தவர்களே அவரைக் கேட்டுத்தான் திருகாணியைக் கழற்றினார்கள்.

மே மாதம், வாப்பா படுக்கையில் விழுந்த செய்தி வந்ததும் லீவு கேட்டிருந்தார். ரஷ்ய விபத்துக்குப் பிறகு நிலையத்தில் எல்லாவற்றையும் திரும்பப் பரிசோதிக்க வேண்டியிருந்ததால் லீவு ரத்தாகியது. அந்த ஆறு கிழமையும் பகலில் பம்புகளைத் திறந்து பார்த்தார். பின்னேரங்களில் பக்கத்து ஊர் மண்டபங்களில், கைக்குழந்தையோடு வந்து பாலைப் பற்றிக் கேட்ட தாய்மாருக்குப் பதில் சொன்னார். அந்தத் தாய்மார் அவரிடமிருந்து ஒரு கதிரை தள்ளித்தான் உட்கார்ந்தார்கள். அந்தத் தள்ளியிருத்தல் அவருக்குப் பழகிய ஒன்று.

அதுதான் இது என்று முடிவு செய்தார். ஊர் தன்னை நஞ்சு என்று நினைக்கிறது. வாப்பாவின் கடைசி நாளுக்கு வராதவனுக்கு இது வேண்டியதுதான் என்றும் ஒரு நினைப்பு உள்ளே குத்தியது. ஆனால் விஞ்ஞானப்படி அது பிழை. பிழையைத் திருத்தாமல் அவரால் இருக்க முடியாது.

வீட்டில் உம்மா சபியா உம்மா இத்தாவில் இருந்தார். கணவனை இழந்தவர் நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து உள்ளறையில் இருக்க வேண்டும். அயல் ஆண்களுக்கு முகம் காட்ட முடியாது. மகன் ஒருவனோடுதான் முகம் பார்த்துக் கதைக்கலாம். வந்த அன்றே, மகனின் தலையைத் தடவி முடித்த கையோடு கேட்டார்.

"அங்க நீ என்ன வேல செய்யிற மகன்? வாப்பாட்டக் கேட்டா, பெரிய வேல எண்டு மட்டும் சொல்லுவாரு. அவருக்கும் தெரியா."

"ஆறுதலாச் சொல்றன் உம்மா. ஒரு மாசம் இரிக்கிதானே."

ஆறாம் நாள் வெள்ளிக்கிழமை. ஜுமுஆ தொழுகை முடிந்ததும் பேச ஐந்து நிமிடம் தருமாறு முகைதீன் கேட்டார். கொடுத்தார்கள். நாற்பது நிமிடம் பேசினார். கதிர்வீச்சு என்பது எங்கும் இருக்கிறது, அல்லாஹ்வின் படைப்பில் அது ஆதியிலிருந்தே உள்ளது, கடற்கரை மணலில் இருக்கிறது, நம் எலும்பில் இருக்கிறது, தினமும் தின்கிற வாழைப்பழத்திலும் இருக்கிறது என்று விளங்கப்படுத்தினார். அவ்வளவு பேரும் வாய் திறக்காமல் கேட்டார்கள். முகைதீனுக்கு நெஞ்சு நிறைந்தது.

வீட்டுக்கு வந்தபோது, உம்மாவுக்குத் துணையாக இருந்த தங்கச்சி முறையான அஸீஸா சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"பள்ளியில என்னமோ விளங்கப்படுத்தினீங்களாம் காக்கா. பெரியம்மா கேக்கா, என்னெண்டு."

"அது பெரிய கதை புள்ள. பிறகு சொல்றன் எண்டு சொல்லு."

ஒன்பதாம் நாள் வாழைக்குலை வியாபாரி மஜீட் படலையடியில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னதற்கு மாட்டேன் என்றார். கொளுத்துகிற வெயிலில், படலைக்கு அந்தப் பக்கம் நின்றபடியே கதைத்தார். மூன்று நாளாகச் சந்தையில் ஒரு சீப்பும் போகவில்லை. கதலி கறுத்துவிட்டது. மாடுகூடத் தின்னுதில்லை, அதற்கும் யாரோ சொல்லிவிட்டார்கள் போல.

"தம்பி, என்ட பழத்தில அதொண்டும் இல்ல. அது எங்கட வளவில காய்ச்சது."

"எல்லாப் பழத்திலயும் இரிக்கி காக்கா."

"அப்ப, இரிக்கி?"

"இரிக்கி. ஆனா..."

மஜீட் அந்த 'ஆனா'வுக்கு நிற்கவில்லை.

படலைக்கு உள்ளே வர அவர் மறுத்ததுதான் முகைதீனின் மனதில் நின்றது. வெறும் பேச்சு எடுபடவில்லை, அளந்து காட்டினால்தான் நம்புவார்கள் என்று தோன்றியது. கல்முனை ஆசுப்பத்திரி டொக்டரிடம் போய்த் தன் உடம்பை அளந்து தரச் சொன்னார். டொக்டர் அவருடைய நாடியைப் பிடித்துப் பார்த்தார், அழுத்தம் பார்த்தார், தூக்கம் வருகிறதா என்று கேட்டார். வேறு கருவி அங்கே இல்லை. ஆகவே பத்தாம் நாள் கொழும்புக்குப் பஸ் ஏறினார். வழியில் எட்டு இடங்களில் ராணுவத்தினர் இறக்கிச் சோதித்து ஏற்றினார்கள். போய்வர ஐந்து நாள்.

கொழும்பில், இறக்குமதியாகும் பால்மாவைச் சோதிக்கிற ஆய்வுகூடம் ஒன்றில் கருவி இருந்தது. அங்கிருந்த உத்தியோகத்தர் நல்ல மனிதர். அளந்து பார்த்தார், ஒன்றும் இல்லை என்றார். ஆனால் எழுதிக் கொடுக்க மனிதருக்கென்று படிவம் கிடையாது, உணவுப் பொருளுக்கு மட்டும்தான் இருக்கிறது என்றார். முகைதீன் அதிலேயே எழுதித் தரச் சொன்னார்.

ஊருக்கு வந்து அதைத் தமிழில் தட்டச்சு செய்வித்து, பள்ளிவாசல் அறிவித்தல் பலகையில் ஒட்டினார். 'பொருள்: கா. மீராமுகைதீன். கதிர்வீச்சு: அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள். மேற்படி பொருள் மனித நுகர்வுக்கு உகந்தது.'

அதை வாசிக்க அக்கரைப்பற்றிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். சிலர் சிரித்தார்கள், யோசித்தவர்களும் இருந்தார்கள். சுகமான மனிதன் எதற்காக ஐந்து நாள் அலைந்து சேர்ட்டிபிக்கட் எடுக்க வேண்டும்? எல்லைக்குள் என்றால், கொஞ்சம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அதுவரை அணு என்ற சொல்லையே கேள்விப்படாதவர்களும் இரண்டாம் ஜமாஅத்துத் தொழுகைக்குக் காத்திருந்து, அவர் தொழுத இடத்தைத் தவிர்த்துத் தொழுதார்கள்.

உம்மா கொழும்புப் பயணத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஐந்து நாளும் மகனுடைய பங்குச் சோற்றை எடுத்து மூடி வைத்ததாகவும், சொன்னால் கேட்கவில்லை என்றும் அஸீஸாதான் சொன்னாள்.

"பஸ் நேரத்தோட வந்தாலும் வருமாம்."

பதினாறாம் நாள், எழுத்து வேண்டாம், கண்ணால் பார்க்கட்டும் என்று முகைதீன் தீர்மானித்தார். பின்னேரத்து அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வரும் நேரம் ஹமீடின் கடை வாசலில் ஒரு மேசையைப் போட்டார். ஐரோப்பியப் பால்மா டின் ஒன்றை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். கரைத்து மூன்று கிளாஸ் குடித்தார். ஒன்றும் ஆகாது, பாருங்கள் என்றார்.

அந்த டின்னை ஏப்ரல் மாதமே திறந்து, ஆள் வாங்காததால் சாக்குக்குக் கீழே போட்டு வைத்திருந்ததை ஹமீட் சொல்ல நினைத்தான். எப்படிச் சொல்வது என்று அவன் யோசித்து முடிப்பதற்குள் முகைதீன் மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். சனம் பார்த்துக்கொண்டு நின்றது. நாலு பேர் தூக்கிக் காரில் போட்டார்கள்.

ஆசுப்பத்திரியில் மூன்று நாள் இருந்தார். உம்மா இத்தாவை விட்டு வர முடியாது. ஊரிலிருந்து கஞ்சிப் போத்தல் வந்தது. ஒன்றல்ல, பதினொன்று. மிளகுக் கஞ்சி, இஞ்சிக் கஞ்சி, கோழிக் கஞ்சி. ஒவ்வொன்றையும் வார்டு வாசலில் அட்டென்டனிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒருவரும் கட்டிலடிக்கு வரவில்லை. கஞ்சியை அனுப்புகிற மனதுக்குக் கிட்ட வரத் துணிவில்லையே என்று முகைதீன் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். வாப்பா இதே கட்டிலிலோ பக்கத்துக் கட்டிலிலோ கிடந்திருப்பார் என்பது இரண்டாம் நாள்தான் அவருக்கு உறைத்தது. அப்போது அவரைப் பார்க்க வார்டு கொள்ளாத சனம் வந்ததாம். தாதி சொன்னாள்.

வீட்டுக்கு வந்தபோது பதினெட்டு நாள் போயிருந்தது. உம்மா மகனின் வயிற்றில் கையை வைத்துப் பார்த்தார். ஓதி ஊதினார். "வாப்பாக்கு உன்னிட்டச் சொல்ல நிறைய இரிந்திச்சு மகன். எனக்கும் இரிக்கி" என்றார். முகைதீன் ஓம் என்றார். அவருடைய கண் ஜன்னல் வழியாகப் படலையைப் பார்த்தது. ரோட்டால் போன இரண்டு பேர் வளவுப் பக்கம் பார்த்துவிட்டு வேகமாக நடந்தார்கள்.

எழுந்து போய்க் கொப்பியும் பேனையும் எடுத்தார்.

நாலு நாள் இருந்து துண்டுப்பிரசுரம் எழுதினார். இந்த முறை வாழைப்பழம் இல்லை, மணல் இல்லை. பத்தே வரிகள், குழந்தைக்கும் விளங்குகிற தமிழ். முடிவில் பெரிய எழுத்தில்: 'அணுமின் நிலையத்தில் வேலை செய்பவரைக் கண்டு பயப்பட வேண்டாம்.' கல்முனை அச்சகத்தில் ஐந்நூறு பிரதி அடித்தார்கள். இருபத்துமூன்றாம் நாள் முகைதீன் தானே வீடு வீடாகப் போய்ப் படலைகளில் செருகினார். களைத்துப்போய் வந்து, மிஞ்சிய ஒன்றை அஸீஸாவிடம் கொடுத்து, உம்மாவுக்கு வாசித்துக் காட்டச் சொன்னார்.

அஸீஸா வாசித்தாள். கடைசி வரியில் தடுக்கி நின்றாள். திரும்ப வாசித்தாள்.

"காக்கா, 'பயப்பட வேண்டும்' எண்டு போட்டிருக்காங்க."

முகைதீன் பறித்துப் பார்த்தார். அப்படித்தான் இருந்தது. 'டாம்' இருக்க வேண்டிய இடத்தில் 'டும்'. ஐந்நூறிலும்.

உள்ளறையில் ஒரு சத்தம் கேட்டது. உம்மா சிரித்துக்கொண்டிருந்தார். வாப்பா மௌத்தான நாளிலிருந்து அன்றுதான் முதல் சிரிப்பு. வெள்ளைச் சேலை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, கண்ணால் நீர் வடிய, தோள் குலுங்கச் சிரித்தார். "இஞ்ச வா மகன். இதில வந்து இரி. இன்னொருக்கா வாசி" என்று பாயைத் தட்டினார்.

"உம்மா, ஊர் முழுக்கக் குடுத்திட்டன். திருப்பி எடுக்கணும்" என்று முகைதீன் செருப்பை மாட்டினார்.

நாலு நாள் அதற்குப் போயிற்று. முந்நூற்றுப் பன்னிரண்டு பிரதிகளைத் திருப்பி எடுத்தார். மீதியில் சனம் கடலை சுற்றித் தின்றது. அவர் படலையைத் தட்டினால் உள்ளேயிருந்து பதறிக்கொண்டு ஓடிவந்து துண்டை நீட்டினார்கள். உட்காரச் சொல்லவில்லை. தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்கவில்லை. "உம்மா பாத்திட்டு இரிப்பா, போங்க" என்று மட்டும் எல்லா வீட்டிலும், ஒருவருக்கொருவர் பேசிவைத்தது போலச் சொன்னார்கள். நம்மைத் துரத்துவதற்கு உம்மாதான் கிடைத்தாவா என்று அவருக்கு வெறுத்துப்போயிற்று.

இருபத்தெட்டாம் நாள் காலையில் கொழும்புக்குப் போக ஹயர் கார் வந்து நின்றது. மறுநாள் விமானம். அஸீஸா பெட்டியைக் கட்டினாள். உம்மா உள்ளறையில் பாயில் இருந்தார். முகைதீன் பக்கத்தில் உட்கார்ந்தார். ஊரில் இருந்த ஒரு மாதத்தில் இந்தப் பாயில் எத்தனை தடவை உட்கார்ந்தோம் என்று எண்ணிப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. உம்மாவின் கை முன்பைவிட மெலிந்திருப்பது மட்டும் தெரிந்தது.

"அங்க ஒரு பெரிய அடுப்பு இரிக்கி உம்மா" என்று ஆரம்பித்தார். "அதில நெருப்பு இல்ல. ஆனா சூடு வரும். அந்தச் சூட்டை வெளிய கொண்டு வாற மெசின்தான் என்ட பொறுப்பு. அது நிண்டா..."

உம்மா வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னப் பிள்ளை கதை கேட்பது போல முகம் மலர்ந்திருந்தது.

"நிண்டா?"

வெளியே கார் ஹோன் அடித்தது. வழியில் சோதனை இருக்கும், இப்போது வெளிக்கிட்டால்தான் சரி என்று டிரைவர் அஸீஸாவிடம் சொல்வது கேட்டது.

"சரி மகன். போயிட்டு வா. மிச்சத்த அடுத்த முறை சொல்லு" என்றார் உம்மா. அடுத்த முறை எப்போது என்று அவர் கேட்கவில்லை. அவருக்கு அப்போது எழுபத்துமூன்று வயது.

போகும் வழியில் வாப்பாவை அடக்கிய மையவாடியில் காரை நிறுத்தச் சொன்னார். மோதினார் சாலிஹ் வாசலைத் திறந்துவிட்டார். ஐந்து நேரமும் பாங்கு சொல்லுகிற கிழவர். அவரும் இந்த ஒரு மாதத்தில் முகைதீனோடு ஸலாமுக்கு மேல் ஒரு சொல் கதைத்தவரல்ல. முகைதீன் வாப்பாவின் கபுறடியில் நின்று ஓதினார். மண் இன்னும் புதிதாகவே இருந்தது. வாப்பாவிடம் ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. வரமுடியவில்லை என்று சொல்லவா, வந்தும் ஊர் என்னை ஒதுக்கிவிட்டது என்று சொல்லவா? இரண்டையும் சொல்லாமல் திரும்பினார்.

காரடிக்கு வந்தபோது சாலிஹ் மோதினார் தன் இரண்டு கையாலும் முகைதீனின் கையைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. கிழவரின் கண் கலங்கியிருந்தது.

"இண்டைக்காவது என்னைத் தொடப் பயமில்லாமப் போச்சே, மோதினார்" என்றார் முகைதீன்.

"என்னத்துக்குத் தம்பி பயப்பிட?"

"அணு நஞ்செண்டுதானே ஊர் முழுக்க விலகி நிண்டீங்க. முதல் நாளிலேருந்து."

மோதினார் முழித்தார். பிறகு காரைப் பார்த்தார், மேலே கட்டியிருந்த பெட்டியைப் பார்த்தார். லீவு முடிந்துவிட்டதுதானே, இனிச் சொன்னால் வாக்கு முறியாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது போல இருந்தது.

"அந்த நஞ்செல்லாம் நீங்க சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும் தம்பி, உங்கட வாப்பா மௌத்தாக முதல் எங்கள எல்லாம் கூப்பிட்டு, 'போன ரெண்டு முறையும் நீங்க அவனப் பிடிச்சு வெச்சீங்க, அவன்ட உம்மா தேத்தண்ணி ஊத்தினதோட சரி, இந்த முறை அவன் வந்தா ஒரு மணித்தியாலமும் நீங்க எடுக்காதீங்க, முழு லீவையும் அவளுக்கு விட்டுடுங்க, அவனுக்குச் சொல்லிடவும் வேணாம்' எண்டு கையடிச்சு வாக்கு வாங்கினாரு, அல்லாஹ் காவல், இருவத்தெட்டு நாளும் நாங்க ஒருத்தரும் வாக்கு மாறல்ல."